கறுவாத் தூளில் கலந்த ஈயம்: வியாபாரிகளுக்கு ஒரு படிப்பினை

கறுவா என்றதும் உலகச் சந்தைக்கு ஞாபகம் வருவது இலங்கையின் பெயர்தான். 2022ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் 'சிலோன் சினமன்' என்ற பெயருக்குப் புவிசார் குறியீட்டு அங்கீகாரம் வழங்கியது. ஆனால் அடுத்த ஆண்டே நமது கறுவா ஒரு பெரிய நச்சுணவு விசாரணையில் பேசப்பட்டது. அந்த விசாரணையின் முடிவு உணவுப் பொருள் வியாபாரத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியதாகும்.

2023ஆம் ஆண்டு அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் நான்கு சிறுவர்களின் இரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருப்பது கண்டறியப்பட்டது. எங்கிருந்து வந்தது என்று தேடிய சுகாதார அதிகாரிகளுக்கு, அச்சிறுவர்கள் அனைவரும் 'வானாபானா' என்ற பெயரில் பைகளில் அடைத்து விற்கப்பட்ட அப்பிள்-கறுவாக் கூழை உண்டிருந்தது தெரியவந்தது. ஒக்டோபர் மாத இறுதியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. அப்பொருள் சந்தையிலிருந்து மீளப் பெறப்பட்டது. 2024ஆம் ஆண்டின் முற்பகுதிக்குள் 500க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டவர்களாகப் பதிவாகினர். உறுதிப்படுத்தப்பட்டவர்களோடு, பாதிக்கப்பட்டிருக்கலாம் எனக் கருதப்பட்டவர்களும் இதில் அடங்குவர். ஈயம் சிறுவர்களின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக் கூடியது. பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அதற்கு இல்லை.

இனித்தான் விசாரணையின் முக்கிய கட்டம். அதே நிறுவனத்தின் கறுவா சேராத கூழ்களில் இந்தப் பிரச்சினை காணப்படவில்லை. எனவே சந்தேகம் கறுவாத் தூள் மீது விழுந்தது. கூழைத் தயாரித்த தொழிற்சாலை தென்னமெரிக்காவின் எக்குவடோர் நாட்டில் இருந்தது. அங்கு எடுக்கப்பட்ட இரண்டு கறுவா மாதிரிகளில் பத்து இலட்சத்துக்கு 5110, 2270 என்ற அளவுகளில் ஈயம் இருந்தது. முதலாவது மாதிரியின்படி ஒரு கிலோ தூளில் ஐந்து கிராமுக்கும் மேல் ஈயம்! அப்போது சர்வதேச உணவு நியமக் குழுவின் பரிசீலனையில் இருந்த வரம்பு வெறும் 2.5 மாத்திரமே.

ஈயத்துடன் குரோமியமும் காணப்பட்டது. இவ்விரண்டும் சேர்ந்தது ஈயக் குரோமேற்று என்ற நிறப்பொருள். மஞ்சளும் செம்மஞ்சளுமாக இருக்கும் இதைச் சேர்த்தால் மங்கிய தூளுக்கும் நல்ல நிறம் வரும், எடையும் கூடும். நிலத்திலிருந்தோ தண்ணீரிலிருந்தோ இவ்வளவு ஈயம் கறுவாவுக்கு வர முடியாது. இலாபத்துக்காக மனிதக் கை சேர்த்த கலப்படமாகவே இது இருக்கலாம் என அதிகாரிகள் கருதினர்.

அப்படியானால் எந்தக் கை? இலங்கையிலிருந்து சென்ற அரைக்கப்படாத கறுவாப்பட்டைகளை எக்குவடோர் அதிகாரிகள் பரிசோதித்தனர். அவற்றில் ஈயக் கலப்பு இருக்கவில்லை. பட்டை தூளாக அரைக்கப்பட்ட, எக்குவடோரிலேயே இயங்கிய ஆலைதான் பெரும்பாலும் கலப்படத்தின் மூலம் என 2024 பெப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. கூழ் தயாரித்த நிறுவனமோ வாங்கிய தூளில் பார உலோகப் பரிசோதனை செய்யாமலே பயன்படுத்தியிருந்தது.

நமது கறுவாவின் பெயரைக் காப்பாற்றியது எது? எந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது, யார் கையில் மாறியது என்பதைக் காட்டிய தொடர்தான். அந்தத் தொடர் அறுந்திருந்தால் பழி முழுவதும் விளைந்த நாட்டின் மீதே விழுந்திருக்கும்.

இந்தக் கலப்படம் நமக்குத் தூரத்துச் செய்தியும் அல்ல. பங்களாதேஷில் பல வருடங்களாக மஞ்சளுக்கு நிறமேற்ற இதே ஈயக் குரோமேற்று சேர்க்கப்பட்டது. 2019இல் அரசாங்கம் சந்தைகளில் இறங்கிச் சோதனை நடத்தி மொத்த வியாபாரிகளுக்குத் தண்டம் விதித்தது. ஆய்வாளர்கள் பரிசோதித்த சந்தை மாதிரிகளில் 2019இல் 47 வீதமாக இருந்த ஈயக் கலப்பு 2021இல் பூச்சியமாகியது. மனம் வைத்தால் நிறுத்த முடியும் என்பதற்கு இது சான்று.

நமது வியாபாரிகள் செய்யக் கூடியவை சில:

1. முடிந்தவரை மசாலாப் பொருட்களை முழுதாக வாங்கி, நம்பிக்கையான இடத்தில் உங்கள் கண் முன்னே அரையுங்கள். கலப்படத்துக்கு இலகுவானது தூள்தான்.

2. யாரிடம் வாங்கினோம், யாருக்கு விற்றோம் என்பதைத் திகதி, தொகுதி இலக்கத்துடன் பதிவு செய்யுங்கள். பற்றுச்சீட்டு இல்லாத சரக்கு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

3. ஒவ்வொரு தொகுதியிலும் சிறு மாதிரியை முத்திரையிட்டு வைத்திருங்கள். பிரச்சினை வந்தால் அதுவே உங்கள் சாட்சி.

4. பெரிய கொள்வனவுகளில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் போன்ற ஆய்வுகூடங்களில் பார உலோகப் பரிசோதனை செய்யுங்கள். பிறர் தரும் சான்றிதழை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

5. நிறம் அளவுக்கு மிஞ்சிப் பளிச்சென்று, விலையும் குறைவாக இருந்தால் காரணம் கேளுங்கள்.

சந்தையில் இருந்த தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்தபோது உள்ளே ஈரம் இருந்த சம்பவம் நாம் அறிந்ததே. மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னபோது, மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். அன்று கை விட்டால் ஈரம் தெரிந்தது. இன்று தூளுக்குள் இருக்கும் ஈயம் கைக்கும் தெரியாது, நாவுக்கும் தெரியாது. ஆகவே குவியலின் அடியில் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்க்கும் பொறுப்பு, வாங்குபவரை விட விற்பவருக்கே அதிகம். ஹலாலான சம்பாத்தியம் என்பது அந்தத் தேடலையும் சேர்த்ததுதான்.