சதோஷியும் சில்லறை வியாபாரமும்

1957-க்கு முன்னர் நம் ரூபாய் 192 தம்படிகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. பிட்காயின் என்னும் மின்னணு நாணயமோ பத்துக் கோடிக் கூறுகளாகப் பகுபடுவது. அக்கூறு ஒன்றுக்குச் சதோஷி என்று பெயர். ஆகவே முழு நாணயத்தின் விலை பல்லாயிரம் டாலராயினும், அதன் சிறு துணுக்கைக் கொண்டு ஒரு வேளைச் சிற்றுண்டி வாங்கத் தடையில்லை. சிக்கல் சில்லறையில் இல்லை, வேறிடத்தில் உள்ளது.

முதலாவது, கூலி. இந்நாணயம் கைமாறுவதெல்லாம் ஒரு பொதுப் பேரேட்டில் பதிவாகவேண்டும். ஏறத்தாழப் பத்து நிமிஷத்துக்கு ஒரு பக்கமே அதில் சேரும், இடமோ குறைவு. நெருக்கடி மிகுந்தால் பதிவுக் கட்டணம் ஏறும். 2017 டிசம்பரில் சராசரிக் கட்டணம் 50 டாலரைத் தாண்டிற்று. ஒரு டாலர் பண்டத்துக்கு இதை யார் கொடுப்பார்? இதற்குப் பரிகாரமாக வந்ததே 'லைட்னிங்' என்னும் ஏற்பாடு. இருவர் ஒரு தொகையைப் பொதுவில் கட்டிவைத்து, தமக்குள் பற்று வரவு நடத்தி, முடிவில் நிற்கும் பாக்கியை மட்டும் பேரேட்டில் ஏற்றுவர். கடைப்பற்று அறிந்த நம் அங்கத்தினர்க்கு இது விளங்காததன்று.

மத்திய அமெரிக்காவின் எல் சால்வடார் நாட்டில், எல் சோன்டே என்னும் கடற்கரை ஊரார் 2019 முதல் இந்நாணயத்தில் அன்றாடச் செலவு செய்து பார்த்தனர். 2021 செப்டம்பரில் அந்நாட்டு அரசு, டாலருடன் இதனையும் சட்டப்படி செல்லும் நாணயமாக்கியது. குடிகளுக்கு 30 டாலர் பெறுமானம் இனாமாகவும் அளித்தது. இனாமைச் செலவிட்டபின் பலர் அப்பக்கம் திரும்பவில்லை.

காரணம் ஊகிக்கத்தக்கதே. அங்கே மக்காச்சோள மாவில் அவரையோ பாலாடைக்கட்டியோ பொதிந்து சுடும் 'புபுசா' என்னும் அடை பெயர்பெற்றது. அதன் விலை ஒரு டாலர் என்று வைத்துக்கொள்வோம். 2021 நவம்பரில் பிட்காயின் ஏறத்தாழ 69,000 டாலர் விற்றபோது, அடைக்கு 1,450 சதோஷி போதும். ஓராண்டில் விலை 16,000 டாலரளவுக்கு இறங்கியபோது, அதே அடைக்கு 6,250 சதோஷி வேண்டும். முன்னே விற்றுப் பெட்டியில் வைத்திருந்தவள் பின்னர் அதைக்கொண்டு கால்பங்கு மாவுகூட வாங்கமுடியாது. விலை ஏறியிருந்தால் இலாபமன்றோ எனலாம். ஆனால் அடை சுடுபவள் மாவு வாங்கவே முதல் வைத்திருக்கிறாள், பந்தயம் கட்டவன்று. ஆதலால் விலையை டாலரில் குறித்து, வந்த சதோஷியை அப்போதே டாலராக மாற்றிக்கொள்வதே வியாபாரிகளுக்கு உகந்த வழியாயிற்று. சங்கக் கணக்குகளைப் பார்வையிடும் நம் கண்ணுக்கு, அங்கே சதோஷி பாரவண்டியாக உதவிற்றேயன்றிப் படிக்கல்லாக உதவவில்லை.

2025 ஜனவரியில் சட்டம் திருத்தப்பட்டது. இந்நாணயத்தை ஏற்பதும் மறுப்பதும் இப்போது கடைக்காரரின் விருப்பம்.