கல்லில் பதிந்த கீற்று: செடியா, விலங்கா?

இங்கிலாந்து நாட்டின் லெஸ்டர்ஷயர் பகுதியில் சார்ன்வுட் என்னும் காட்டுப் பிரதேசம் உள்ளது. 1956ஆம் ஆண்டு, பதினைந்து வயது நிரம்பிய டீனா நீகஸ் என்ற பள்ளி மாணவி, அங்கிருந்த பாறை ஒன்றில் பெரணி இலையைப் போன்றதொரு பதிவைக் கண்டாள். வியப்புற்ற அவள் தன் ஆசிரியையிடம் அதனைக் கூறினாள். அத்துணைப் பழமையான பாறைகளில் உயிர்ப்பதிவுகள் இருக்கவே முடியாது என்று அவர் மறுத்துவிட்டார். பேச்சு அத்துடன் முடிந்தது.

மறு ஆண்டு, பாறையேறும் பயிற்சிக்குச் சென்ற ரோஜர் மேசன் என்ற மாணவனும் அவன் நண்பர்களும் அதே பதிவைக் கண்டனர். மேசன் தன் தந்தையிடம் சொன்னான். தந்தையோ அதனைப் புறக்கணிக்கவில்லை. தமக்கு அறிமுகமான நிலவியல் அறிஞர் டிரெவர் ஃபோர்டிடம் தெரிவித்தார். நேரில் வந்து பார்த்த ஃபோர்டு, 1958ஆம் ஆண்டு அதற்குச் 'சார்னியா மேசனி' என்று பெயர் சூட்டினார்.

அந்தப் பதிவின் நீளம் ஏறத்தாழ ஒரு சாண்தான். எனினும் அதன் வயது சுமார் 56 கோடி ஆண்டுகள்! கேம்பிரியன் காலத்திற்கு முன்னரும் பெரிய உருவமுள்ள உயிர்கள் வாழ்ந்தன என்பதை ஐயத்திற்கு இடமின்றி அது மெய்ப்பித்தது. அக்காலம் இன்று எடியாக்கரன் காலம் என அழைக்கப்படுகின்றது.

எந்த இனத்தில் சேர்ப்பது?

பெயர் சூட்டியாயிற்று. ஆனால் எந்த இனத்தில் சேர்ப்பது? இங்குதான் சிக்கல் எழுந்தது.

அது கடற்பாசியாக இருக்கலாம் என்று ஃபோர்டு கருதினார். ஆஸ்திரேலிய அறிஞர் மார்ட்டின் கிளெஸ்னர், அது பவளத்தின் உறவான கடல் இறகு என்னும் விலங்கைச் சார்ந்தது என்றார். 1980களில் ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் சைலாக்கர், இவை இன்றைய எந்த இனத்துடனும் தொடர்பற்ற, மெத்தை போன்று தைக்கப்பட்ட உடலமைப்புள்ள தனி வகை என்று வாதிட்டார்.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவிலுள்ள மிஸ்டேக்கன் பாயின்ட் என்னுமிடத்தில், 1967ஆம் ஆண்டு எஸ்.பி. மிஸ்ரா என்ற இந்திய மாணவர் இத்தகைய பதிவுகள் நிறைந்த பாறைகளைக் கண்டுபிடித்தார். அவ்வுயிர்கள் கதிரவன் ஒளி எட்டாத ஆழ்கடலில் வாழ்ந்தவை. ஒளியின்றிப் பாசி வளராது. எனவே பாசி என்ற கருத்து நிலைக்கவில்லை. 2007ஆம் ஆண்டு, அங்குக் கிடைத்த ஓர் இனத்திற்கு 'ஃபிராக்டோஃபியூசஸ் மிஸ்ராய்' என்று அவர் நினைவாகவே பெயரிடப்பட்டது.

கடல் இறகு என்ற கருத்தும் சோதனைக்குள்ளாயிற்று. கடல் இறகில் புதிய கிளைகள் அடிப்பகுதியில் தோன்றும். சார்னியாவிலோ நுனியில் தோன்றின. வளரும் முறையே வேறாயின், உருவ ஒற்றுமையை மட்டும் கொண்டு உறவு கொண்டாட இயலுமா?

கிளைக்குள் கிளை

ஆகவே அறிஞர்கள் வெளித்தோற்றத்தை விடுத்துக் கிளைகளின் அமைப்பை ஆராயத் தொடங்கினர். சார்னியாவின் ஒவ்வொரு கிளையும் முழுக் கீற்றின் சிறு வடிவமாகும். அதனுள் மேலும் சிறிய கிளைகள் அதே வடிவில் அமைந்துள்ளன. இவ்வமைப்புடையவற்றை 'ரேஞ்சியோமார்ஃப்' என்னும் தொகுதியில் சேர்த்தனர்.

இதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. தென்னங்கன்றின் முதல் இலைகள் பிளவுபடாமலிருக்கும். வளர்ந்த பின்னரே கீற்றுகளாகப் பிரியும். தென்னையை அறியாதவர் இரண்டையும் கண்டால் இருவேறு மரங்கள் என்றே எண்ணுவார். அதுபோல, ஒரே உயிரின் இளமைக்கும் முதுமைக்கும் இருவேறு பெயர்களைச் சூட்டிவிடும் அபாயம் உண்டு.

2021ஆம் ஆண்டு பிரான்சஸ் டன் முதலிய ஆய்வாளர்கள், சார்னியாவின் வளர்ச்சி முறையை விரிவாக ஆராய்ந்து, அது விலங்கினத்தைச் சார்ந்ததே என்றும், விலங்கினத்தின் மிகத் தொன்மையானதொரு கிளையில் நிற்பது என்றும் முடிவு கூறினர்.

அந்தக் கல் இன்று லெஸ்டர் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதனை முதலில் கண்டவர் டீனா நீகஸ் என்பதும் பிற்காலத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அவ்விரு பிள்ளைகளும் கண்டது ஒரே கல்லைத்தான். ஒருவர் சொல் செவிமடுக்கப்பட்டது. மற்றவர் சொல் தட்டிக்கழிக்கப்பட்டது. நம் வீட்டுப் பிள்ளைகள் கையில் ஒரு கல்லுடன் வந்து, "இது என்ன?" என்று கேட்கும்போது, பெற்றோர்களாகிய நாம் இதனை நினைவிற் கொள்வது நலம்.