இரும்பைக் கூட்டினால் பலம் கூடுமா?

"கெட்டியாப் போட்டுடு, பின்னாடி தொல்லை இருக்காது." ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. எட்டு மில்லிமீட்டர் தகட்டில் சந்தேகம் வந்தால் பத்து, பத்திலும் சந்தேகம் என்றால் பன்னிரண்டு. 1965-இல் திருவெறும்பூரில் பெல் கொதிகலன் ஆலை தொடங்கியதிலிருந்து திருச்சியில் எத்தனையோ குடும்பங்கள் இரும்பை வெட்டி, வளைத்து, ஒட்டித்தான் பிழைக்கின்றன. இந்த ஊருக்கு அந்தப் பேச்சு இனி உதவாது. இடம் பார்க்காமல் சேர்க்கும் இரும்பு வீண். சில இடங்களில் அது பலத்தையே குறைத்துவிடும்.

ஒரு தகட்டை இரு பக்கமும் பிடித்து இழுப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் நடுவே சிறிய வட்டத் துளை. துளையின் ஓரத்தில் தகைவு (ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் தாங்கும் விசை) மூன்று மடங்காக ஏறிவிடும் என்று 1898-இலேயே கிர்ஷ் என்ற ஜெர்மானியப் பொறியாளர் கணக்கிட்டுக் காட்டினார். ஆனால் துளையின் விட்டம் அளவுக்குத் தள்ளிப்போனாலே அது ஏறக்குறைய பழைய அளவுக்கு இறங்கிவிடுகிறது. அபாயம் விரற்கடை அகலத்தில் இருக்கும்போது, தகடு முழுவதையும் தடிமனாக்கி என்ன பயன்? வட்டத் துளைக்குச் சூத்திரம் உண்டு. வளைவும் மூலையும் வெல்டிங்குமாக இருக்கும் நிஜமான பாகத்துக்குக் கிடையாது. அங்கேதான் ஃபைனைட் எலிமென்ட் அனாலிசிஸ் வருகிறது. பாகத்தைக் கணினியில் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு துண்டும் எவ்வளவு நீளும், வளையும் என்பது எளிய கணக்கு. அடுத்தடுத்த துண்டுகள் முனைகளில் பிரியாமல் சேர்ந்தே நகர வேண்டும் என்ற நிபந்தனையோடு லட்சக்கணக்கான சமன்பாடுகளைக் கணினி ஒன்றாகத் தீர்க்கிறது. திரையில் நீலமாகத் தெரியும் இடத்தில் இரும்பு சும்மா இருக்கிறது, சிவப்பில் திணறுகிறது. போயிங் நிறுவனத்தில் விமான இறக்கைகளுக்காக உருவாகி 1956-இல் கட்டுரையாக வெளிவந்த முறை இது. பெயர் சூட்டியவர் அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவரான ரே கிளஃப், 1960-இல்.

1928-இல் நாகப்பட்டினத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த பொன்மலை ரயில்வே பணிமனை, கன்டெய்னர் வேகன்களும் கட்டிய இடம். வேகனில் எடை என்பது நேரடியாகப் பணம். ஓர் அச்சு தண்டவாளத்தில் இறக்கக்கூடிய பாரத்துக்கு வரம்பு உண்டு. ஆகவே வேகனின் சொந்த எடையில் குறையும் ஒவ்வொரு டன்னும் சரக்குக்குக் கிடைக்கும் ஒரு டன். நிலக்கரி ஏற்றும் பாக்ஸ்-என் வேகனின் வெற்று எடை 22.47 டன், பின்னால் வந்த பாக்ஸ்-என்-ஹெச்-எல் வகையில் 20.6 டன். 58 வேகன் கொண்ட ஒரு ரயிலில் இது சுமார் 108 டன் மிச்சம். வலிமை கூடிய எஃகும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் இதற்குக் காரணம்தான். ஆனால் எஃகின் வலிமை கூடினாலும் அதன் விறைப்பு கூடுவதில்லை. மெல்லிய தகடு முறிவதற்கு முன்பே நெளிந்துவிடும். எங்கே மெலியலாம், எங்கே மடிப்புக் கொடுத்துத் தாங்க வேண்டும் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

கனமே கேடாக முடியும் இடத்தைக் கொதிகலனில் பார்க்கலாம். பெரிய அனல்மின் கொதிகலனின் டிரம் சுவர் ஐந்து அங்குல அளவுக்குத் தடிமனானது. சூடேற்றும்போது உட்புறம் விரியத் துடிக்கிறது. இன்னும் சூடேறாத வெளிப்புறம் அதை இழுத்துப் பிடிக்கிறது. அதே வேகத்தில் சூடேற்றினால், சுவர் இரண்டு மடங்கு தடித்தால் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. பகலில் சூரிய மின்சாரம் வருவதால் அனல்மின் நிலையங்களைத் தணிப்பதும் மாலையில் ஏற்றுவதுமாக இருக்கிற இன்று, அந்த இழுபறி தினசரி நடக்கிறது. அழுத்தத்துக்காகச் சேர்த்த தடிமன் வெப்பத்துக்குப் பகையாகிறது. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் சரியான தடிமன் தெரியும். பிரஷர் வெசல்களுக்கான ஏ.எஸ்.எம்.இ. விதிநூலும் இதை ஒப்புக்கொள்கிறது. எளிய சூத்திரத்தோடு நிற்கும் முதல் பிரிவில் எஃகின் இழுவிசை வலிமையை 3.5 ஆல் வகுக்க வேண்டும்; விரிவான பகுப்பாய்வும் கடுமையான சோதனையும் கேட்கும் இரண்டாம் பிரிவில் 2.4 போதும், அதாவது சுவர் மெலியலாம். எஃகு நெகிழத் தொடங்கும் அளவுக்கு வரம்பு தனி.

ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தைக் காட்டி, கணினியா இதைக் கட்டியது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நூற்றாண்டுகள் அடிநிலையோடு நின்று, 1987-இல் பதின்மூன்று நிலைகளோடு 236 அடிக்கு நிறைவுற்றது அது. கல்லும் செங்கல்லும் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். கோபுரத்தின் எடையே அதை நிலைநிறுத்துகிறது. அப்படியும் அது வெறும் கனமல்ல. அடியில் அகன்று, மேலே போகப்போகக் குறுகி, உள்ளே கூடாக இருக்கிறது. பாரம் இறங்கும் வழி அறிந்தவர்கள் வகுத்த வடிவம் அது. வேகன் அப்படி நிற்பதில்லை. இழுபடுகிறது, முறுக்கப்படுகிறது, தன் எடையையும் சேர்த்து ஊர் ஊராகச் சுமக்கிறது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: கணினியும் தவறும். 1991 ஆகஸ்டில் நார்வேயில் ஸ்லைப்னர் எண்ணெய் மேடையின் கான்கிரீட் அடித்தளம் கடலில் மூழ்கியது. சுவர்கள் சேரும் இடத்தில் துண்டுகளைச் சரியாகப் பிரிக்காததால், வெட்டுத் தகைவு 47 சதவீதம் குறைவாகக் கணக்கிடப்பட்டிருந்தது. நமக்குக் கொள்ளிடமே பாடம். 1928-இல் கட்டிய பழைய பாலம், போக்குவரத்து நிறுத்தப்பட்ட பிறகு, 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண் சரிந்து விழுந்தது. மேலே இருந்த இரும்புச் சட்டத்தை மட்டும் எத்தனை நுணுக்கமாகக் கணக்கிட்டிருந்தாலும், ஆறு தூணடியில் அரிப்பதை அது சொல்லியிருக்காது. கேட்ட கேள்விக்குத்தான் பதில் வரும். அதற்காகக் கேட்பதையே நிறுத்திவிட முடியாது. ஸ்லைப்னரில் தவறு எங்கே என்று கண்டுபிடிக்க உதவியதும், இன்னும் நுட்பமாகச் செய்த அதே கணக்குதான்.

சிறு பட்டறைக்கு இது கட்டுப்படியாகுமா? விலையுயர்ந்த மென்பொருள்களே கதி என்ற நிலை இன்று இல்லை. கால்குலிக்ஸ் போன்றவை இலவசம். வெல்டரின் கையை எந்தத் திரையும் காட்டாது என்பது உண்மைதான். ஆனால் எந்த வெல்டிங் மிக அதிகம் தாங்குகிறது, அந்த ஒன்றை எங்கே கூடுதலாகச் சோதிக்க வேண்டும் என்பதைக் காட்டும். பெல் வளாகத்தில் 1975 முதல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. துவாக்குடி பட்டறைகளின் பக்கத்திலேயே என்.ஐ.டி. இருக்கிறது. பத்து மில்லிமீட்டரா பன்னிரண்டா என்ற சந்தேகம் வரும் அன்று, தகட்டில் கட்டர் வைப்பதற்கு முன் டிராயிங் ஒருமுறை அங்கே போய்வரட்டும்.