சராசரி பார்க்காத பிரேக்

1987 ஜூலையில் ஜப்பானின் செண்டாய் நகரில் சுரங்க ரயில் ஓடத் தொடங்கியது. பிளாட்பாரத்தில் குறித்த இடத்தில் வண்டி நிற்க வேண்டும். நின்றபடி வரும் பயணி முன்னால் சாயவும் கூடாது. ஏறிய கூட்டத்தைப் பொறுத்து எடை மாறும், பாதை ஏறி இறங்கும், பிரேக் பிடிப்பும் தினம் ஒரே மாதிரி இருக்காது. கைதேர்ந்த ஓட்டுநர் இதற்கெல்லாம் சமன்பாடு போடுவதில்லை. 'இப்போது கொஞ்சம் அழுத்தினால் சரியாக நிற்கும், குலுங்காது' என்ற கணிப்பில் ஓட்டுகிறார். ஹிட்டாச்சி நிறுவனத்தின் யசுனோபு, மியாமோட்டோ ஆகியோர் அந்தக் கணிப்பையே விதிகளாக்கிக் கணினியிடம் கொடுத்தார்கள்.

'சரியாக', 'சொகுசாக' என்பவற்றைக் கணினி எப்படிப் புரிந்துகொள்ளும்? பாகுவில் பிறந்து, பெர்க்லியில் பேராசிரியராக இருந்த லோத்ஃபி ஸாதே 1965-ல் அதற்கு வழிசெய்தார். பள்ளிக் கணக்கில் ஒரு பொருள் கணத்துக்குள் இருக்கும், இல்லையேல் வெளியே. ஸாதேயின் ஃபஸ்ஸி கணத்தில் 0-க்கும் 1-க்கும் நடுவே எந்த அளவிலும் உறுப்பாகலாம். இது நிகழ்தகவு அல்ல. நாளை மழைக்கு 0.7 வாய்ப்பு என்றால், நாளை முடிந்ததும் விடை தெரிந்துவிடும். ஒரு நிறுத்தம் 0.7 அளவுக்குச் சொகுசு என்றால், வண்டி நின்ற பிறகும் அது 0.7 தான்.

1970-ல் ரிச்சர்ட் பெல்மனும் ஸாதேயும் இதை முடிவெடுக்கும் முறையாக வளர்த்தார்கள். அடைய வேண்டிய இலக்கு, மீறக் கூடாத கட்டுப்பாடு இரண்டுக்கும் ஒரே மரியாதை. ஒவ்வொரு வழிக்கும் கிடைத்த அளவுகளில் மிகக் குறைந்ததை எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படி எடுத்தவற்றில் எது பெரிதோ, அந்த வழியே முடிவு. உதாரணத்துக்கு, மெதுவாகப் பிரேக் போட்டால் சொகுசு 0.95, இடத்தில் நிற்பது 0.5. சற்று முன்னதாக அழுத்தினால் இரண்டும் 0.7. சராசரி பார்த்தால் முதல் வழிதான் ஜெயிக்கும். பெல்மன்–ஸாதே முறை இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கும். கதவு தவறான இடத்தில் திறந்தால் சொகுசால் என்ன பயன்? ஒன்றின் குறையை இன்னொன்றின் மிகுதி மூடிவிடாதது இதன் பெரிய பலம் என்பேன்.

பலவீனம், அந்த 0.7-ஐக் குறிப்பவர் கையில் இருக்கிறது. ரயிலில் அதைத் தப்பாகக் குறித்தால் வண்டி குலுங்கும், அன்றைக்கே தெரியும், திருத்தலாம். கடன் கேட்டு வருபவர் எந்த அளவுக்கு 'நம்பகமானவர்' என்று இதே முறையில் குறித்தால் கதை வேறு. கடன் மறுக்கப்பட்டவருக்கு, தான் ஒழுங்காகக் கட்டியிருப்பேன் என்று நிரூபிக்க வாய்ப்பே வராது. அவருடைய அளவு எதை வைத்துக் குறிக்கப்பட்டது என்பதைக் கடன் தருபவர் அவரிடம் சொல்லியாக வேண்டும்.