கழுத்துக் கறுப்பு அழுக்கு அல்ல

எங்கள் பேத்தி ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். போன தை மாசம், அவள் கழுத்தின் பின்பக்கம் கறுத்து, தோல் தடித்திருந்தது. அழுக்கு என்று நினைத்து வீட்டம்மா பாசிப்பயறு மாவு போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தார். போகவே இல்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா பார்த்ததுமே சொல்லிட்டாங்க: "இது அழுக்கு இல்லை ஐயா. இன்சுலின் சரியா வேலை செய்யலைங்கிறதுக்கு அடையாளமா இருக்கலாம். ரத்தம் எடுத்துப் பாருங்க."

மூன்று மாத சர்க்கரைச் சராசரி 5.9 வந்தது. 5.7-க்குக் கீழே இருக்கணும்; 6.5 தொட்டால் சர்க்கரை நோய். எனக்கு 52 வயசில் வந்த நோய், பேத்திக்கு 14 வயசில் வாசல்ல வந்து நிற்குது. அவள் மட்டுமில்லை; 2016-18இல் மத்திய அரசு நடத்திய ஊட்டச்சத்து ஆய்வில், வளரிளம் பிள்ளைகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இந்த நிலையில் இருந்தார்கள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாலு ஏக்கரில் மாப்பிள்ளைச் சம்பாவும் தினையும் போடுகிறேன். விளைச்சல் பட்டணத்துக்குப் போகிறது. பேத்தியோ டியூஷன் வாசலில் பாக்கெட் சிப்ஸும் குளிர்பானமும்!

நடப்பது இதுதான். இனிப்பும் மாவுச்சத்தும் அளவுக்கு மீறிப் போய், உடம்பு அசையாமலே இருந்தால், தசையும் ஈரலும் இன்சுலின் பேச்சைக் கேட்பதில்லை. கணையம் இன்னும் அதிகமாகச் சுரந்து சமாளிக்கிறது. ஒரு நாள் அதுவும் களைத்துவிடும். வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்: இது கூட்டு வட்டிக் கடன். தொடக்கத்திலேயே அடைப்பதுதான் சுலபம்.

நாங்கள் செய்தவை:

1. குளிர்பானத்தை நிறுத்தினோம். 250 மில்லி பாட்டிலில் சுமார் 25 கிராம் சர்க்கரை, அதாவது ஐந்து தேக்கரண்டி. இப்போது நீர்மோர்தான்.

2. நம்மாட்கள் கோபப்படாதீர்கள்: நாட்டுச்சர்க்கரையும் கருப்பட்டியும்கூட சர்க்கரைதான். 'இயற்கை' என்று சொல்லி அள்ளிப் போடக்கூடாது. தினைச் சோறும் அளவோடுதான். தட்டில் பாதி காய், கீரை; கூடவே பயறு, சுண்டல், முட்டை.

3. சிப்ஸ், அப்பளம், ஊறுகாயைக் குறைத்தோம். பெரியவர்களுக்கே நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் இருக்கணும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இளவயது ரத்த அழுத்தத்துக்கு உப்பும் ஒரு காரணம்.

4. தினமும் ஒரு மணி நேரம் மூச்சு வாங்க ஓடியாடணும். சைக்கிள், கபடி, தோட்டத்தில் மண்வெட்டி, எதுவானாலும் சரி. "படிக்கிற பிள்ளை வயலுக்கு வரக்கூடாது" என்று நாமே தடுத்தோமே, அது தப்பு.

5. இரவு ஒன்பதரைக்கு மேல் கைபேசி என் மேஜையில். தூக்கம் குறைந்தால் பசியும் எடையும் ஏறும்.

ஒன்று செய்யவில்லை: அவளைப் பட்டினி போடவில்லை, 'குண்டு' என்று யாரையும் சொல்ல விடவில்லை. வளர்ற பிள்ளைக்குச் சாப்பாடு வேணும். வீட்டில் எல்லோருமே அதே சாப்பாட்டுக்கு மாறினோம்.

ஆடியில் மறுபடி பார்த்தபோது 5.6. கடன் முழுசா அடையவில்லை, வட்டி ஏறுவது நின்றிருக்கிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளையின் கழுத்தை இன்றைக்கே ஒருமுறை பாருங்கள். கறுப்பு தெரிந்தால் தேய்க்காதீர்கள், டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அடுத்த அறுவடையில் முதல் மூட்டையை வீட்டுக்கு எடுத்து வையுங்கள். சந்தைக்கு அப்புறம் அனுப்பலாம்.