கமெரா வேண்டாம், ஒரு பிளவு போதும்

போன எபிசோட்டில் தொழிற்சாலை ரோபோக்கள் பற்றிக் கதைத்தோம். நேரம் போதாமல் விட்ட ஒரு கேள்வியை இந்த மடலில் எடுக்கிறேன். குவியலாகக் கொட்டிக் கிடக்கிற சாமானை ஒவ்வொன்றாக, ஒரே பக்கம் பார்க்க வைத்து, ஒரு மெஷினுக்கு எப்படி ஊட்டுவது?

சின்னக் கேள்வி மாதிரித் தெரியும். ஆனால் வைலேயிலிருந்து அரை மணிநேரம் கார் ஓடினால் பில்லுண்ட் வரும். அங்கே பிறந்த லெகோ பொம்மை மனிதனை, 1978இல் வந்த அந்தக் குட்டி ஆளை, ஒருக்கால் நினைத்துப் பாருங்கள். பையை உடைக்கும்போதே அவனுடைய இரண்டு கையும் உடம்போடு பூட்டியிருக்கும். பூட்டுகிற மெஷினுக்கு ஒவ்வொரு கையும் சரியான பக்கம் பார்த்தபடி வந்தாக வேண்டும். வலது கையும் இடது கையும் கண்ணாடி விம்பம் மாதிரி. ஒன்றைத் திருப்பி மற்றதாக்க முடியாது.

இதே பிரச்சினை துப்பாக்கிச் சுடும் விளையாட்டுக்காரரிடமும் உண்டு. தோட்டாவைத் தாங்களே மீள்நிரப்புகிறவர்கள், குண்டு எப்போதும் ஒரே பக்கம் பார்த்து அச்சுக்கு வருவதற்கு வீட்டிலேயே ஊட்டி செய்வார்கள். குண்டின் அடி தட்டை, மூக்கு கூர். தட்டை விளிம்பில் நிற்கும், கூர் வழுக்கும். அந்த ஒரு வித்தியாசமே திசையைப் பிரித்துவிடும். டென்மார்க்கில் துப்பாக்கி விஷயத்துக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். எனவே நாங்கள் அதே தத்துவத்தைச் சாதாரண ஸ்குரூ ஆணியில் பார்ப்போம்.

என் மச்சான் மரத்தட்டுகள் செய்து விற்கிறார். ஒரு பெட்டிக்கு எட்டு ஸ்குரூ. அதை எண்ணிப் பைக்குள் போடுவது மாமியின் வேலை. அவவுக்கு இப்போது விரல் மூட்டு நோகிறது. ஆனால் வேலையை விட மனமில்லை, "சும்மா இருந்தா இன்னும் நோகும்" என்பா. அதனால்தான் இந்த ஊட்டியைக் கட்டினேன்.

எங்கள் பெடியளிடம் கேட்டால் முதல் பதில் "கமெரா வை, ஒரு மொடலைப் பயிற்று" என்றுதான் வரும். நானும் கணினி படித்தவன்தான், அந்த ஆசை எனக்கும் புரியும். ஆனால் ஸ்குரூவின் வடிவத்திலேயே விடை இருக்கிறது. ஆணியின் தண்டு 4 மில்லிமீட்டர், தலை 7. இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே 4.5 மில்லிமீட்டர் பிளவு விட்டால் தண்டு உள்ளே இறங்கும், தலை மேலே தொங்கும். விழுந்த ஆணி எல்லாம் தலை மேலே, கூர் கீழே. பார்க்கவும் தேவையில்லை, முடிவெடுக்கவும் தேவையில்லை.

மீதி மெஷின் இதுதான். சரிந்த அடியுள்ள ஒரு பெட்டியில் ஆணிகளைக் கொட்டுங்கள். பெட்டியின் நடுவால், மேல்விளிம்பில் பிளவுள்ள ஒரு பலகை மெதுவாக எழும்பும். எழும்பும்போது சில ஆணிகள் தற்செயலாகப் பிளவில் மாட்டும். உச்சிக்குப் போனதும் பலகை சரிந்து நிற்க, மாட்டியவை வழுக்கி வெளித் தண்டவாளத்துக்குப் போகும். குறுக்கே படுத்தவை திரும்பப் பெட்டிக்குள் விழும். பலகையைத் தூக்க 12 வோல்ட் கியர் மோட்டர் ஒன்று. தண்டவாளம் நிரம்பினால் மோட்டரை நிற்பாட்ட ஒரு மைக்ரோ சுவிட்ச். அவ்வளவுதான்.

இதில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது: பிழையாக வந்ததைத் திருத்தாதே, திரும்பக் கொட்டு. நிகழ்தகவு படித்தவர்களுக்கு இது பழக்கம். ஒரு முயற்சி நாலில் ஒரு தரம் சரிவருமென்றால், சராசரியாக நாலு முயற்சியில் ஒன்று கிடைக்கும். நிமிடத்துக்கு 12 தரம் பலகை எழும்பி, ஒவ்வொரு தரமும் சராசரியாக 3 ஆணி பிடித்தால் 36 ஆணி, அதாவது நிமிடத்துக்கு நாலரைப் பை. மாமி பையை மூடி ஒட்டினால் போதும்.

சரி, தலையே இல்லாத சாமான் என்றால்? நாலு பக்கமும் பார்க்கக்கூடிய ஒரு துண்டை எடுங்கள். அது வடக்கா, கிழக்கா, தெற்கா, மேற்கா பார்க்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. எங்களிடம் இரண்டு செயல்தான். "திருப்பு": எல்லாத் துண்டையும் கால்வட்டம் வலப்பக்கம் திருப்பும். "தட்டு": மேற்குப் பார்த்ததை மட்டும் வடக்குப் பார்க்க வைக்கும், மற்றதைத் தொடாது. இப்போது தட்டு, மூன்று தரம் திருப்பு, தட்டு, மூன்று தரம் திருப்பு, தட்டு. ஒன்பது படி. எந்தப் பக்கம் பார்த்துத் தொடங்கினாலும் கடைசியில் வடக்குத்தான். நம்பிக்கை இல்லையென்றால் பென்சிலால் கீறிப் பாருங்கள். முதல் தட்டில் நாலு திசை மூன்றாகும், அடுத்ததில் இரண்டாகும், கடைசியில் ஒன்றாகும்.

இந்த வகைப் புதிரை 1964இல் எழுதியவர் ஸ்லோவாக்கியக் கணிதர் யான் செர்னி. திசைகளை ஒன்றாக்க முடியுமென்றால், n திசைக்கு (n−1) வர்க்கம் படிகள் எப்போதும் போதும் என்பது அவருடைய பெயரால் வழங்கும் ஊகம். இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. 1986இல் நடராஜன் என்ற ஆய்வாளர் தொழிற்சாலை ஊட்டிகளை வடிவமைப்பதை இப்படியொரு அல்கோரிதக் கேள்வியாகவே எழுதினார். 1993இல் கென் கோல்ட்பர்க், தட்டையான எந்தப் பலகோணத் துண்டையும், அதன் சமச்சீர் விட்ட அளவுக்கு, ஒரு சென்சரும் இல்லாமல் இரண்டு தாடைப் பிடியாலேயே ஒரு திசைக்குக் கொண்டுவரலாம் என்று காட்டினார்.

அப்பா இதில் ஒரு பேப்பரையும் வாசித்தவர் இல்லை. வைலேக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேல், அதிரும் கிண்ணங்களுக்குப் பக்கத்தில் நின்றவர். கிண்ணம் அதிர, சாமான் சுருள்பாதையால் ஏறும், பிழையாகக் கிடப்பது விளிம்பால் விழும். என் பெட்டியைப் பார்த்தவுடன் அவர் சொன்னது: "அரைவாசிக்கு மேல நிரப்பாத, பாரம் ஏறினா ஒண்டும் அசையாது." இன்னொன்றும் சொன்னார்: சிக்கப்போகிற மெஷினின் சத்தம் சிக்குவதற்கு முன்னமே மாறும், கண்ணை விட்டுக் காதைக் கொடு என்று. இரண்டும் நான் தேடிய எந்தக் கையேட்டிலும் இவ்வளவு சுருக்கமாக இல்லை.

எங்களில் பல பேர் அம்மா அப்பாவின் சீவியை டேனிஷில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதில் "மெஷின் ஒப்பரேட்டர்" என்று ஒரு சொல் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்போம். அந்தத் தலைமுறை இப்போது ஒவ்வொருவராக ஓய்வுக்குப் போகிறது. அவர்கள் போகும்போது அந்தக் காதும் கூடப் போகும்.

ஆகவே இந்தக் கிழமைக்கு ஒரு வீட்டுவேலை. வீட்டில் ஆரும் தொழிற்சாலையில் வேலை செய்திருந்தால், "உங்கட மெஷின் எதில சிக்கும், நீங்கள் எப்பிடி எடுப்பீங்கள்?" என்று கேளுங்கள். பதிலை ஒரு நிமிட ஒலிப்பதிவாக அனுப்புங்கள். நல்லவற்றை, அவர்கள் சம்மதித்தால், அடுத்த எபிசோட்டில் போடுவோம்.