ஸ்கூபா கார்டு இருந்தா எந்த நாட்டுக் கடலிலும் இறங்கலாமா? டைவ் சென்டர்கள் பார்ப்பது என்ன?

அந்தமானில் கடலுக்குள் இறங்கி எடுத்த வீடியோவுக்கு இன்ஸ்டாவில் இன்னும் லைக் வருகிறது. மெயிலில் வந்த சர்டிபிகேட்டும் பத்திரமாக இருக்கிறது. இந்த வருஷம் லீவுக்கு மாலத்தீவு. ‘நம்மகிட்டதான் சர்டிபிகேட் இருக்கே, நேரா போய் டைவ் பண்ணிடலாம்’ என்று கிளம்புகிறவர்களில் சிலர் டைவ் சென்டர் கவுன்ட்டரிலேயே நிறுத்தப்படுகிறார்கள். ஏன்?

உங்களிடம் இருப்பது என்ன சர்டிபிகேட்?

முதல் சிக்கலே இதுதான். சுற்றுலா போன இடத்தில் சில மணி நேரத்தில் முடிகிற ‘ட்ரை டைவ்’, ‘டிஸ்கவர் ஸ்கூபா’ எல்லாம் அறிமுக அனுபவம் மட்டுமே. பயிற்றுநர் கூடவே இருந்து, அதிகபட்சம் 12 மீட்டர் வரை அழைத்துப் போவார். அதற்குக் கிடைக்கும் சான்றிதழ் ஒரு நினைவுப் பரிசு மாதிரி. அதைக் காட்டி வேறு ஊரில் தனியாக டைவ் பண்ண முடியாது.

உண்மையான தகுதி ‘ஓப்பன் வாட்டர் டைவர்’ கோர்ஸில் தொடங்குகிறது. தியரி, நீச்சல் குளத்திலோ ஆழமில்லாத கடலிலோ பயிற்சி, பிறகு கடலில் 4 டைவ் என மூன்று நான்கு நாட்கள் ஆகும். முடித்தால், துணை டைவர் ஒருவருடன் 18 மீட்டர் வரை போகலாம். அடுத்த நிலையான ‘அட்வான்ஸ்டு’ முடித்தால் 30 மீட்டர்.

எந்த அமைப்பின் கார்டு செல்லும்?

இது டிரைவிங் லைசென்ஸ் மாதிரி அரசு தருவது இல்லை. சிமாஸ் (1959), பேடி (1966), எஸ்எஸ்ஐ (1970) போன்ற பயிற்சி அமைப்புகள்தான் தருகின்றன. தனியாக டைவ் பண்ணத் தகுதியுள்ளவர் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு ஐஎஸ்ஓ 24801-2 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. அதனால், ஓர் அமைப்பின் கார்டை இன்னோர் அமைப்பின் சென்டர் ஏற்பது சாதாரண விஷயம்.

ஆனால், கடைசி முடிவு அந்த சென்டருடையது. சில நாடுகளில் சட்டமும் குறுக்கே வரும். மாலத்தீவில் பொழுதுபோக்கு டைவிங்குக்கு 30 மீட்டர்தான் எல்லை. பிரான்ஸில் வெளிநாட்டு கார்டோடு வருபவரின் திறமையைப் பார்த்து, எவ்வளவு ஆழம், வழிகாட்டியோடா இல்லையா என்பதை டைவிங் பொறுப்பாளர் முடிவு செய்வார்.

கார்டு இருந்தும் சில இடங்களுக்குப் போக முடியாது. இலங்கையின் மட்டக்களப்பு அருகே 1942-ல் மூழ்கிய ஹெர்மிஸ் போர்க்கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்கு டைவிங்கின் உச்ச வரம்பே 40 மீட்டர். அதைப் பார்க்க டெக்னிக்கல் டைவிங் பயிற்சி தனியாக வேண்டும்.

கார்டு எக்ஸ்பயரி ஆகுமா?

பெரும்பாலும் ஆகாது. ஆனால், பழக்கம் விட்டுப்போகும். அதனால்தான் “கடைசியா எப்போ டைவ் பண்ணீங்க?” என்று கேட்கிறார்கள். இடைவெளி ஆறு மாதம், ஒரு வருஷம் என்று நீண்டிருந்தால் பல சென்டர்கள் ரெஃப்ரெஷர் எடுக்கச் சொல்லும்.

மாலத்தீவில் முதல் நாள் ‘செக் டைவ்’ வைப்பது வழக்கம். மாஸ்க்கில் புகுந்த தண்ணீரை வெளியேற்றுவது, வாயிலிருந்து நழுவிய ரெகுலேட்டரை மீட்பது, மிதப்பைக் கட்டுப்படுத்துவது ஆகியவற்றைச் செய்து காட்டணும். இதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் அமைதியான கடலில் கற்றிருக்கலாம். அங்கே நீரோட்டம் வேகமாக இருக்கும்.

மெடிக்கல் ஃபார்மில் ‘இல்லை’ டிக் பண்ணிடலாமா?

கூடாது. ஆஸ்துமா, இதயப் பிரச்சினை, சமீபத்திய அறுவை சிகிச்சை பற்றியெல்லாம் அதில் கேள்வி இருக்கும். சிலவற்றுக்கு ‘ஆம்’ என்றால் டாக்டர் கையெழுத்து தேவை. அந்தத் தீவில் டாக்டரைத் தேடி அலையணுமே என்று பலருக்கும் பொய் சொல்லத் தோன்றும்.

ஆனால், 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நீர்மட்டத்தில் இருப்பதைவிட இரண்டு மடங்கு. அங்கே சுவாசித்த காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். ஆஸ்துமாவால் சுருங்கிய மூச்சுக்குழாயில் அந்தக் காற்று வெளியேற முடியாமல் சிக்கினால் நுரையீரல் கிழியலாம். உயிரே போகலாம். அதனால் ஃபார்மை முன்கூட்டியே வாங்கி, ஊரிலேயே டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

கிளம்பும் முன் செக் லிஸ்ட்

* டிஜிட்டல் கார்டை ஆப்பில் இறக்கி, ஸ்கிரீன்ஷாட் வைத்துக்கொள்ளுங்கள். கார்டு தொலைந்தாலும், உங்கள் பெயரையும் பிறந்த தேதியையும் வைத்து சென்டரால் தேடிப் பார்க்க முடியும். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கட்டும்.
* லாக் புக்கை எடுத்துச் செல்லுங்கள். எத்தனை டைவ், எவ்வளவு ஆழம் என்பதற்கு அதுதான் சாட்சி.
* எந்த நிலை கார்டு, கடைசி டைவ் எப்போது என்று சென்டருக்கு முன்பே மெயில் அனுப்பி, பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள்.
* டிராவல் இன்சூரன்ஸில் ஸ்கூபா அடங்குமா, எத்தனை மீட்டர் வரை என்று படித்துப் பாருங்கள்.
* பல நாள் டைவ் செய்தால், கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையே குறைந்தது 18 மணி நேரம் விடுங்கள்.

கவுன்ட்டரில் “இன்னிக்கு முடியாது” என்றால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால், ஒரு கேள்வியும் கேட்காமல் பணத்தை வாங்கிக்கொண்டு படகில் ஏற்றுகிற சென்டரைப் பார்த்துத்தான் நாம் பயப்படணும்.